கப்பின் மூடியும் வேணுவின் துண்டும்

2023ஆம் ஆண்டு நவம்பர் இருபத்திரண்டாம் தேதி, புதன்கிழமை, காலை ஆறே காலுக்கு நெய்வேலியிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட பேருந்தில் ஜன்னலோர இருக்கையில் ஒரு கப்பு உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் வேணு உட்கார்ந்திருந்தார். கப்பைச் சுற்றி அவர் மனைவி தனபாக்கியத்தின் பழைய சேலை. வேணுவின் கழுத்தைச் சுற்றிப் பச்சைக் கட்டம் போட்ட துண்டு. மடியில் மூன்றடுக்கு டிபன் கேரியர்.

கண்டக்டர் சேலையை விலக்கிப் பார்த்தார். "இதுக்கு லக்கேஜ் போடணும்."

"லக்கேஜ்னா கீழ கெடக்கறது. இது சீட்டுல ஒக்காந்துகினு வருது. முழு டிக்கெட்டே போடுங்க."

"பெரியவங்களா, சின்னவங்களா?"

"வாலிபால் கப்புங்க. முப்பத்தோரு வயசு ஆவுது. பெரியவங்கதான்."

கண்டக்டர் சிரித்துவிட்டு இரண்டு டிக்கெட் கிழித்தார்.

சும்மா கப்பு இல்லை அது. நிலக்கரி, மின்சாரக் கம்பெனிகளின் கிளப்புகள் வருஷம் ஒருமுறை மோதிக்கொள்ளும் வாலிபால் போட்டியின் சுழற்கோப்பை. வெள்ளி முலாம், இரண்டு காது, கீழே மரப் பீடம், மேலே திருகாணி வைத்த மூடி. மூடியின் உச்சியில் கையைத் தூக்கிப் பந்தடிக்கிற ஒரு குட்டி ஆள். மூடியோடு நிறுத்தினால் வேணுவின் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வரும். போன வருஷம் ஜெயித்தது நெய்வேலி. இந்த வருஷப் போட்டி வடக்கே டெல்லி தாண்டி ஒரு மின்நிலைய ஊரில். போன வருஷம் ஜெயித்தவர்கள் கப்பைக் கொண்டுபோய் இந்த வருஷம் போட்டி நடத்துகிறவர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி.

டீம் ஞாயிற்றுக்கிழமையே ரயிலில் போய்விட்டது. கப்பு போக முடியவில்லை. அதில் பெயர் வெட்டக் கடலூரில் கொடுத்திருந்தார்கள். பெயர் வெட்டுகிறவர் வீட்டில் கல்யாணம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் வந்தது. கிளப் செக்ரட்டரி அருண்குமார், அட்டெண்டர் வேணுவைக் கூப்பிட்டு ஒரு விமான டிக்கெட்டையும் ஒரு காகிதத்தையும் கொடுத்தார்.

"அண்ணே, இந்தக் காகிதத்துல அவங்க கையெழுத்து வாங்கிட்டு வரணும். படிச்சுக்குங்க. கோப்பை ஒன்று, காது இரண்டு, மூடி ஒன்று, பீடம் ஒன்று, எல்லாம் நல்ல நிலையில் பெற்றுக்கொண்டோம். இது கைக்கு வந்த அன்னிக்கே பெர்மனென்ட் லிஸ்டுக்கு உங்க பேர நானே எழுதி மேல அனுப்புறேன்."

"வாங்கிக்கினு வரலன்னா சார்?"

"உங்களுக்கு முன்னாடி இருந்தவர் கப்பை ரயில்ல சீட்டுக்குக் கீழ தள்ளி, ஒரு காது வளைஞ்சு போச்சு. இப்ப அவரு கிளப்புல இல்ல. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

வேணுவுக்கு ஐம்பத்தொரு வயது. வடலூர்ப் பக்கத்துக்காரர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவும் அறுப்புமாக இருந்தவர்கள். வேணு பத்தொன்பது வயதில் கான்ட்ராக்ட் வேலைக்குள் நுழைந்தார். மண் வாரினார், கேன்டீனில் பாத்திரம் கழுவினார், பதினோரு வருஷமாகக் கிளப்பில் நெட் கட்டுகிறார், நாற்காலி போடுகிறார், கூட்டத்துக்கு டீ கொடுக்கிறார், மாதம் ஒருமுறை விபூதி போட்டுக் கப்பைத் துலக்குகிறார். முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ், எல்லாம் கான்ட்ராக்ட். ஆனால் ஒரு விஷயத்தில் அவர் பெர்மனென்ட். இடம் பிடிப்பதில்.

காலை ஷிப்டுக்கு வடலூரிலிருந்து நெய்வேலிக்கு வருகிற டவுன் பஸ்ஸில் ஏறிப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வித்தை என்று தெரியும். பஸ் வளைந்து திரும்பி நிற்பதற்கு முன்பே, அது எந்த இடத்தில் நிற்கும், படி எங்கே வரும், எந்த ஜன்னல் கண்ணாடி சரியாக மூடாது என்பதெல்லாம் வேணுவுக்கு அத்துபடி. ஓடிக்கொண்டே துண்டை வீசுவார். அது ஜன்னலுக்குள் பறந்து, மூன்று பேர் உட்காரும் இருக்கையில் விரித்த மாதிரி விழும். பிறகு நிதானமாகக் கூட்டத்தோடு ஏறி வந்து உட்காருவார். துண்டு போட்ட இடத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். ஒருமுறை உட்கார்ந்துவிட்ட போலீஸ் ஏட்டு ஒருவர், அடியில் துண்டைப் பார்த்ததும் "கவனிக்கலப்பா" என்று எழுந்துகொண்டார். நாட்டில் பல சட்டங்கள் மீறப்படுவதை வேணு பார்த்திருக்கிறார். துண்டுச் சட்டம் மீறப்பட்டு அவர் பார்த்ததில்லை.

இந்த நம்பிக்கையோடுதான் சென்னை விமான நிலையத்துக்குள் நுழைந்தார்.

கவுன்ட்டரில் கப்பை எடை போட்டார்கள். ஏழு கிலோவுக்குள் இருந்தது. முந்தின நாளே மெயின் பஜார் காய்கறிக் கடைத் தராசில் அவர் போட்டுப் பார்த்திருந்தார். கவுன்ட்டர் பெண், "இதை லக்கேஜில் போட்டுவிடலாமே" என்றாள். வேணு கப்பைக் கட்டிக்கொண்டார். அந்தப் பெண் டிக்கெட்டை நீட்டினாள். சோதனை இயந்திரத்துக்குள் போன கப்பு திரையில் ஒரு பெரிய மனிதரைப் போலத் தெரிந்திருக்க வேண்டும். அதிகாரி எழுந்து நின்று பார்த்தார்.

கேட் முன்னால் உட்கார்ந்து, கேரியரைத் திறந்து, தனபாக்கியம் கட்டிக் கொடுத்த புளிச்சோற்றைச் சாப்பிட்டு முடித்தார். நிமிர்ந்து பார்த்தால் வரிசை நின்றது. விமானம் கிளம்ப இன்னும் ஒன்றேகால் மணி நேரம். கதவு மூடியிருந்தது. ஆனாலும் எழுபது எண்பது பேர் மூடிய கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வரிசையின் தலையில், ஒரு சக்கரப் பெட்டியும் உப்பிய துணிப்பை ஒன்றுமாக நின்ற பெண்மணியை வேணு அடையாளம் கண்டுகொண்டார். டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்து ஓய்வுபெற்ற இசக்கியம்மாள் டீச்சர். தென்காசிப் பக்கம். வேணுவின் மகள் மணிமொழிக்குப் பத்தாம் வகுப்பில் பாடம் எடுத்தவர்.

கப்பைத் தூக்கிக்கொண்டு போனார். "வணக்கம் டீச்சர். கிளப்பு வேணு. மணிமொழியோட அப்பா."

"எந்த மணிமொழி? வகுத்தல் வராதே, அவளா?"

"அவதாங்க. இப்ப பேங்குல வேல பாக்கறா."

"வகுத்தல் வந்துட்டா?"

"மிஷினே வகுத்துக் குடுத்துடுதாம் டீச்சர்." வேணு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு கேக்கலாங்களா? டிக்கெட்லயே சீட்டு நம்பர் அடிச்சிக் குடுத்துட்டான். உங்க சீட்ட எவனும் எடுக்க முடியாது. அப்புறம் எதுக்கு இம்மாம் நேரமா நின்னுகினு கீறீங்க?"

டீச்சர் வகுத்தல் வராத பிள்ளையைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தார். "சீட்டுக்காக யாரு நிக்கா? மேல பெட்டி வைக்கிற இடத்துக்கு. அதுக்கு நம்பர் கிடையாது. முந்தினவங்களுக்குத்தான். கடைசியில போனா இடமில்லைன்னு பெட்டியைப் புடுங்கிக் கீழ போட்டிருவாங்க."

"கீழன்னா?"

"வயித்துக்குள்ள. மூட்டையோட மூட்டையா."

வேணுவின் கை தானாகக் கப்பின் காதைப் பிடித்தது. மறு நொடியே அவர் முகத்தில் வேறொரு வெளிச்சம் வந்தது. முன்பின் பார்க்காத இந்தப் பளபளப்பான இடம், கண்ணாடிச் சுவர், ஆங்கில அறிவிப்பு எல்லாம் விலகி, அடியில் வடலூர் பஸ் ஸ்டாண்ட் தெரிந்தது. நம்பர் இல்லாத இடம். முந்தினவருக்கு உரியது. இது அவருக்குத் தெரிந்த வேலை.

ஆனால் தொடக்கத்திலேயே ஒரு சறுக்கல். விமானத்தில் ஏறுகிறவர்களை நாலு பிரிவாகப் பிரித்து டிக்கெட்டில் போட்டிருந்தார்கள். ஒன்றாம் பிரிவு வரலாம் என்று அறிவித்தார்கள். நான்கு பிரிவும் எழுந்து போயின. உலகத்தின் எந்த ஊர் விமான நிலையத்திலும் இந்த அறிவிப்பு தனக்கில்லை என்று ஒருவரும் நினைப்பதில்லை. கேட்டில் இருந்த இளைஞன் வேணுவின் டிக்கெட்டைப் பார்த்தான். "சார், நீங்க நாலு. கடைசி." டீச்சர் ஒன்று. பெட்டியை உருட்டிக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார். வேணு கடைசி ஆளாக நின்றார். முன்னால் நூற்றைம்பது பெட்டிகள் போய்க்கொண்டிருந்தன.

படியிறங்கிக் கீழே வந்தபோதுதான் கண்ணில் பட்டது. விமானம் தூரத்தில் நின்றது. அதுவரைக்கும் கொண்டுபோக ஒரு பஸ் நின்றது.

பஸ்!

முதலில் போனவர்கள் எல்லோரும் அதில் முதலில் ஏறி, வசதியாக உள்ளே தள்ளி நின்றிருந்தார்கள். டீச்சர் உட்கார இடம் பிடித்து ஆக உள்ளே இருந்தார். கடைசியாக ஏறிய வேணு கப்போடு கதவில் ஒட்டி நின்றார். முதலில் ஏறியவன் கடைசியில் இறங்குவான் என்பது அங்கே இருந்த யாருக்கும் தோன்றவில்லை. பஸ் நின்றது. கதவு முழுசாகத் திறப்பதற்குள் வேணு தரையில் இருந்தார். விமானத்தின் முன்படிக்கு எல்லோரும் போவார்கள் என்று தெரியும், பின்படிக்கு ஓடினார். ஆறு கிலோ சொச்சம் கப்பு, கையில் கேரியர், ஐம்பத்தொரு வயது. கூட்டம் படியை நெருங்கும்போது அவர் விமானத்துக்குள் இருந்தார்.

அவருடைய சீட் இருபத்து மூன்று. பின்னால் வைத்தால் தூக்கிப் போடும் என்பது பஸ்ஸில் கற்ற பாடம். வண்டியில் குலுங்காத இடம் நடுதான். றெக்கைக்கு நேராக, பதினெட்டாம் வரிசைக்கு மேலே காலியாக இருந்த பெட்டகத்தில் கப்பை நீளவாக்கில் படுக்க வைத்தார். மிச்சமிருந்த இடத்தில் வேறு எவனாவது பெட்டியை வைத்து இடித்துவிடக் கூடாதே என்று, கழுத்துத் துண்டை எடுத்து உதறிப் பக்குவமாக விரித்தார். முடிந்தது. சட்டப்படி முடிந்தது.

மூச்சு வாங்கிக்கொண்டே இசக்கியம்மாள் டீச்சர் வந்தார். பதினெட்டாம் வரிசையில் நின்றார். அண்ணாந்து பார்த்தார்.

"இது யாரு துண்டு?"

"நம்மள்துதான் டீச்சர்."

"இது என் சீட்டுக்கு மேல உள்ள இடம்."

"மேல நம்பர் கெடையாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

"அதுக்குன்னு துண்டு விரிப்பீங்களா? இதென்ன வடலூர் பஸ்ஸா?"

"டீச்சர், துண்டு போட்டாச்சு," என்றார் வேணு. அவர் அறிந்த உலகத்தில் அதற்குமேல் சொல்ல எதுவும் இல்லை.

டீச்சர் துண்டின் ஒரு நுனியை இரண்டு விரலால் தூக்கினார். முப்பத்திரண்டு வருஷத்தில் இது நடந்ததில்லை. போலீஸ் ஏட்டுகூடச் செய்ததில்லை.

"நா என்ன சொல்லுதேன், நீங்க என்ன பேசுதீங்க?" கோபம் வந்தால் டீச்சருக்குச் சொந்த ஊர் வந்துவிடும். "ஒருத்தர் சாமானுக்கு மூணு பேர் இடமா? மூணுல ஒரு பங்குதான் உமக்கு. கணக்குன்னா கணக்கு!"

பின்னால் வரிசை தேங்கி, பெட்டிகள் ஒன்றன் முதுகில் ஒன்று முட்டின. ஒருவர் இந்தியில் என்னவோ சொன்னார். "யம்மா, வீட்டுச் சண்டையை டெல்லில வச்சுக்கலாம்" என்றது ஒரு தமிழ்க்குரல். பணிப்பெண் வந்தாள். சென்னைப் பெண், பெட்டகத்தையும் கப்பையும் துண்டையும் பார்த்தாள்.

"சார், இப்படி நீளமா வைக்க முடியாது. குறுக்க வைங்க."

குறுக்கே வைத்தார்கள். மூடியும் அதன் உச்சியில் இருந்த குட்டி ஆளும் நாலு விரல் வெளியே நீட்டிக்கொண்டன. கதவு மூடவில்லை. குட்டி ஆள் கையைத் தூக்கிக்கொண்டு எல்லோரையும் பார்த்தான்.

"அப்ப கீழதான் அனுப்பணும் சார்."

கீழே. காது வளைந்த கதை. காகிதம். லிஸ்ட். வேணுவுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் தலைக்குள் ஓடின. "கீழ போனா நானும் கூடப் போறேம்மா," என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று டீச்சருக்கு முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

"அந்த மூடி கழலுமா?" என்றார் டீச்சர்.

பதினோரு வருஷமாகத் துலக்குகிறவருக்கு அது தோன்றாமல் போனதுதான் ஆச்சரியம். ஆறு சுற்றுத் திருகினார். மூடி கையோடு வந்தது. கப்பு குறுக்காக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

"குடுங்க, இதை நான் வச்சுக்கிடுதேன். பையில போர்வை இருக்கு, கீறல் விழாது." டீச்சர் மூடியை வாங்கி, அதே துண்டில் சுற்றி, துணிப்பைக்குள் போர்வையின் மடிப்பில் செருகி, பையைச் சீட்டுக்குக் கீழே தள்ளினார். டெல்லியில் இருக்கும் மகனுக்காகக் கொண்டுபோகிற தடித்த போர்வை அது. "இப்ப என் பெட்டிக்கு வழி சொல்லும்."

வேணு பெட்டகத்தைப் பார்த்தார். பஸ்ஸில் சாப்பாட்டுக் கூடையும் ஹெல்மெட்டும் கடப்பாரையும் ஒரே பலகையில் அடுக்கிய கண். "பெட்டிய எல்லாரும் மல்லாக்கப் போட்டுக்கினு கீறாங்க. அதான் எடத்தத் தின்னுது. ஒருக்களிச்சி நிறுத்தணும்." கப்பின் காது படாமல் டீச்சர் பெட்டியை ஒருக்களித்து நிறுத்தினார். பக்கத்தில் இன்னொன்று. இடுக்கில் ஒரு முதுகுப்பை. கதவு 'டக்'கென்று மூடியது.

பணிப்பெண் பார்த்துக்கொண்டே இருந்தாள். "சார்... அந்தப் பதினாலாவது வரிசையையும் கொஞ்சம் பாக்கறீங்களா?"

பத்து நிமிஷம் வேணுதான் அந்த விமானத்தின் கண்டக்டர். "தள்ளு தம்பி, சக்கரம் உள்ள, கைப்புடி வெளிய. இதுல இன்னா, கல்லா? அம்மா, அந்தத் தொப்பிய நீங்களே போட்டுக்குங்க, அது ஒரு பெட்டி எடத்த அடைக்குது." மொழி புரியாதவர்களும் கீழ்ப்படிந்தார்கள். பன்னிரண்டு பெட்டிகள் கீழே போகாமல் தப்பின. அவர் இருபத்து மூன்றாம் வரிசையின் நடுச் சீட்டில் போய் உட்கார்ந்தபோது யாரோ கை தட்டினார்கள். பணிப்பெண் இரண்டு தண்ணீர் பாட்டில் கொடுத்தாள்.

இத்தனை பெருமைக்கு நடுவில்தான் தப்பு நடந்தது.

டெல்லியில் சக்கரம் தரையைத் தொட்டதும், கதவு திறக்க இருபது நிமிஷம் இருக்கும்போதே, எல்லோரும் எழுந்து கழுத்தை வளைத்துக்கொண்டு நின்றார்கள். வேணுவுக்கு அதில் குறை சொல்ல எதுவுமில்லை, பஸ்ஸிலும் அப்படித்தான். ஆனால் பதினெட்டுக்கும் இருபத்து மூன்றுக்கும் நடுவே முப்பது பேர். அவர் கப்புக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தபோது டீச்சர் பெட்டியை உருட்டிக்கொண்டு போய்விட்டிருந்தார். வேணு கப்பை மட்டுமே பார்த்தார். காதைத் தடவினார், இரண்டும் இருந்தன. கட்டிப் பிடித்துக்கொண்டு இறங்கினார். வாடகைக் காரில் ஒரு மணி நேரம் போன பிறகு, குளிருக்குக் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொள்ளலாம் என்று கையை வைத்தார். துண்டு இல்லை. அப்போதுதான், துண்டுக்குள் என்ன இருந்தது என்பது நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் அந்த ஊர் கிளப்பின் கெஸ்ட் ஹவுஸ் அறையில், மேஜை மேல் மூடி இல்லாத கப்பு வாயைப் பிளந்துகொண்டு நின்றது. பக்கத்தில் டிபன் கேரியர். வேணு அதையும் இதையும் மாறி மாறிப் பார்த்தார். கேரியரின் மேல்மூடியைக் கழற்றிக் கப்பின் வாயில் வைத்தார். கொஞ்சம் சின்னது, ஆடியது. விமான டிக்கெட்டை நாலாக மடித்து இடுக்கில் செருகினார். நின்றுவிட்டது. சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் விபூதியைத் தொட்டு அரைமணி நேரம் தேய்த்தார். எவர்சில்வர் மூடி வெள்ளியைவிட நன்றாகவே பளபளத்தது.

ஒரே ஒரு சங்கடம். மூடியின் மேல், குமிழைச் சுற்றி வட்டமாகப் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது: 'செல்வி மணிமொழி காதணி விழா, தாய்மாமன் தமிழ்மாறன் அன்பளிப்பு.'

காலையில் சிவப்பு ஸ்வெட்டர் போட்ட அதிகாரி வந்தார். காதைப் பார்த்தார், பீடத்தைப் பார்த்தார், மூடியில் விரலை வைத்தார்.

"வாட் இஸ் ரிட்டன் ஹியர்?"

வேணுவுக்குப் பொய் சொல்ல வராது. அதிலும் ஆங்கிலத்தில் சுத்தமாக வராது. "டோனர் நேம் சார்," என்றார். கொடுத்தவர் பெயர்தானே, அது பொய்யில்லை.

"ஓ, டோனர்!" அதிகாரி மரியாதையோடு தலையசைத்துக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

நெய்வேலி இறுதி ஆட்டத்தில் தோற்றது. ஜெயித்தது அந்த ஊர்தான். கப்பு அங்கேயே கண்ணாடி அலமாரிக்குள் போனது. டீம் கேப்டன் அறிவுச்செல்வன் மட்டும் திரும்பும் வழியில் ரயிலில் கேட்டான்: "அண்ணே, கப்பு மேல கைய தூக்கிகினு ஒருத்தன் நிப்பானே, எங்க காணோம்?"

"நீ அடிச்ச சர்வீசப் பாத்துட்டு எறங்கிப் போயிட்டான்," என்றார் வேணு.

காகிதத்தை வாங்கி அருண்குமார் ஃபைலில் வைத்தார். சொன்னபடியே பெயரை எழுதி அனுப்பினார். "லிஸ்ட் மேல போயிருக்குண்ணே," என்றார். ஆனால் தனபாக்கியத்திடம் காகிதம் காட்டித் தப்பிக்க முடியவில்லை. பரிசளிப்புப் படம் மணிமொழியின் போனில் வந்தது. தனபாக்கியம் அதை விரலால் பெரிதாக்கினாள்.

"ஏங்க, இது நம்ம வூட்டுக் கேரியர் மூடிதான?"

"கப்பு மூடி எல்லாம் அப்படித்தான் இருக்கும்."

"எங்க அண்ணன் பேருகூட அப்படித்தான் இருக்குமா?"

உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. தனபாக்கியம் முதலில் திட்டினாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு மறுபடியும் திட்டினாள். மூடி இல்லாத கேரியரைக் கொக்கி போட்டுப் பூட்ட முடியாது. அன்றிலிருந்து வேணு மதியச் சாப்பாட்டைப் பிளாஸ்டிக் டப்பாவில் கொண்டுபோனார்.

மணிமொழி பழைய மாணவிகள் குழுவில் தேடி டீச்சரின் நம்பரை எடுத்துக் கொடுத்தாள். வேணு போன் செய்தார்.

"மூடியா? இறங்கும்போது உங்க கையிலதானே குடுத்தேன்."

"டீச்சர், அந்தப் போர்வைய மட்டும் கொஞ்சம் பிரிச்சி..."

"வேணு, நான் முப்பத்துநாலு வருஷம் கணக்கு எடுத்தவ. குடுத்தது எது, குடுக்காதது எதுன்னு எனக்குத் தெரியும்."

"செரிங்க டீச்சர்," என்று வைத்துவிட்டார். அந்தப் போர்வைக்கு வேலையே வரவில்லை என்பது அவருக்குத் தெரியாது. மகன் வீட்டில் அதைவிடத் தடித்த போர்வைகள் இருந்தன. ஹீட்டரும் இருந்தது. பை அப்படியே அலமாரியின் உச்சிக்குப் போய்விட்டது.

அடுத்த வருஷம் அக்டோபரில் இரண்டு செய்தி ஒன்றாக வந்தன. லிஸ்ட் கீழே வந்திருந்தது. வேணுவின் பெயர் எட்டாவது; கடைசிக் கையெழுத்து நவம்பர் முடிவில். இரண்டாவது, இந்த வருஷ வாலிபால் போட்டி நெய்வேலியில். வடக்கத்தி டீம் கப்பைக் கொண்டுவந்து நவம்பர் இருபத்திரண்டு, வெள்ளிக்கிழமை ஒப்படைக்கும்.

அருண்குமாருக்கு ஏற்பாட்டில் ஒரு குறையும் இருக்கக் கூடாது. "அண்ணே, கப்புக்கு மாலை போட்டு, மேடையில நடுவுல வைக்கிறோம். ஸ்கூல் பிள்ளைங்க எல்லாம் வரிசையா வந்து கிட்டப் பாக்கறாங்க. கப்புல வெட்டியிருக்கற ஒவ்வொரு பேரையும் மைக்ல வாசிக்கிறோம்."

"மைக்கு யாருதுங்க சார்?"

"வடலூர் தமிழ்மாறன் சவுண்ட் சர்வீஸ். உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

தெரிந்தவர்தான். மச்சான். டவுன்ஷிப்பில் தமிழ் படிக்கத் தெரியாதவர்களை எண்ணிவிடலாம். அதில் ஒருவரும் அன்று மேடைப் பக்கம் வரப்போவதில்லை. வேணு பல வழி யோசித்தார். கப்பு வந்து இறங்கும்போது மாலையை மூடிமேல் போட்டுவிடுவது. கரண்டை நிறுத்துவது. மச்சானை வேறு எங்காவது ஒரு சடங்கு வீட்டுக்கு அனுப்புவது. எதைச் செய்தாலும் கடைசியில் அந்தக் காகிதம் ஃபைலுக்குள் இருந்தது: மூடி ஒன்று, நல்ல நிலையில்.

கப்பு வர ஐந்து நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை தனபாக்கியம் சொன்னாள்: "நீங்களே போயி சொல்லிடுங்க. அவங்களா கண்டுபுடிச்சா திருட்டு. நீங்களா சொன்னா தப்பு, அவ்வளவுதான்."

2024 நவம்பர் பதினெட்டு, திங்கட்கிழமை, காலை பத்து மணிக்கு வேணு செக்ரட்டரி அறை வாசலில் நின்றார். வெறுங்கழுத்து, அந்தப் பச்சைக் கட்டத் துண்டுக்குப் பிறகு அவர் வேறு துண்டு வாங்கவில்லை. உள்ளே அருண்குமார் போனில் பந்தல்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். பேச்சை முடித்துவிட்டு, "என்னண்ணே, உள்ள வாங்க," என்றார். வேணு ஒரு காலை உள்ளே வைத்தார். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். முதலில் ஒரு படம். பச்சைக் கட்டத் துண்டின் மேல், கையைத் தூக்கிக்கொண்டு, குட்டி ஆள் நின்றிருந்தான்.

அதற்குக் கீழே எழுதியிருந்தது:

"வேணு அவர்களுக்கு, இசக்கியம்மாள் எழுதுவது. ஊருக்குக் கிளம்ப அலமாரியை ஒழித்தபோது, இன்று போர்வையைப் பிரித்தேன். உங்கள் கையில் கொடுத்தேன் என்று போன வருஷம் நான் சொன்னது தவறு. முப்பத்துநாலு வருஷத்தில் இது ஒன்று. புதன்கிழமை விமானத்தில் சென்னை வந்து, அங்கிருந்து நெய்வேலி வருகிறேன். மூடியைக் கையோடு கொண்டுவருகிறேன், கீழே போடமாட்டேன். இந்தத் தடவை எனக்கு நாலாம் பிரிவு கொடுத்திருக்கிறார்கள். மேலே இடம் கிடைப்பது கஷ்டம்தான். ஆனால் உங்கள் துண்டு என்னிடம் இருக்கிறது. போட்டுக்கொள்கிறேன்."